கூரையில் தொடங்கட்டும் மின்சிக்கனம்

சித்திரை, வைகாசி மாதங்களில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் நண்பகலில் நடந்து செல்பவர்கள் இரு வகை வெப்பத்தை உணரலாம். ஒன்று வானிலிருந்து இறங்குவது. மற்றொன்று தகரக் கூரை வேய்ந்த தொழிற்கூடங்களிலிருந்து வெளியேறுவது. உருக்கு ஆலைகளின் உலை வெப்பம் தொழிலின் இயல்பு என்று விட்டுவிடலாம். ஆனால், உலையே இல்லாத பொட்டலமிடும் கூடங்களிலும், உதிரிபாகங்களைப் பொருத்தும் கூடங்களிலும், சரக்குக் கிடங்குகளிலும்கூட கூரையிலிருந்து இறங்கும் அனலில்தான் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறிகள் சூடான காற்றையே கீழே தள்ளிக் கொண்டிருக்கின்றன.

இத்தொழிற்பேட்டைக்குத் தெற்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் அத்திப்பட்டு இருக்கிறது. முதல் இரு நிலைகளில் 1,830 மெகாவாட் திறனும், மூன்றாம் நிலையில் 800 மெகாவாட் திறனும் கொண்ட வட சென்னை அனல் மின் நிலையமும், 1,500 மெகாவாட் திறன் கொண்ட வல்லூர் அனல் மின் நிலையமும் அப்பகுதியில்தான் அமைந்துள்ளன. இந்நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்து மீனவர்களின் வாழ்வாதாரத்தைப் பாதித்தது குறித்த வழக்குகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றன.

இந்த இரு காட்சிகளும் தொடர்பில்லாதவை அல்ல. நமது அனல் மின் நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க ஏறத்தாழ 0.7 கிலோ நிலக்கரி தேவைப்படுகிறது. உள்நாட்டு நிலக்கரியில் சாம்பலின் அளவு 30 சதவீதத்துக்கும் அதிகம். அதாவது, எரிக்கப்படும் நிலக்கரியால் கிடைக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் கால் கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. மின் நிலையத்தின் சொந்தப் பயன்பாட்டையும் வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், பயன்படுத்தும் இடத்தில் ஒரு யூனிட்டை மிச்சப்படுத்துவது உற்பத்தி செய்யும் இடத்தில் அதைவிடக் கூடுதலான மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. மாவட்டத்தின் ஒரு மூலையில் வீணாகும் மின்சாரத்தின் விலையை, மற்றொரு மூலையில் இருப்பவர்களும் செலுத்துகிறார்கள்.

எரிசக்திச் சேமிப்பு என்றதும் தொழிற்சாலை இயந்திரங்களும் வாகனங்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், உலகின் இறுதி எரிசக்திப் பயன்பாட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் கட்டடங்களின் அன்றாட இயக்கத்துக்கே செலவாவதாகச் சர்வதேச எரிசக்தி முகமை கூறுகிறது. இந்தியாவிலும் மொத்த மின்நுகர்வில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளிலும் வணிகக் கட்டடங்களிலும்தான் நிகழ்கிறது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2017-18-ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் 2037-38-இல் நாட்டின் குளிர்விப்புத் தேவை எட்டு மடங்காகவும், கட்டடங்களில் மட்டும் சுமார் பதினோரு மடங்காகவும் உயரும் என்று கணித்தது. அத்தேவை முழுவதையும் புதிய மின் நிலையங்களைக் கொண்டு ஈடுகட்ட முனைந்தால், இன்னும் எத்தனை அத்திப்பட்டுகள் வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கான சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2001-இல் நிறைவேற்றப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2002 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அன்றே எரிசக்தித் திறன் பணியகமும் தோற்றுவிக்கப்பட்டது. சட்டத்தின் முதல் வடிவம், 500 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட மின்பளு கொண்ட வணிகக் கட்டடங்களை மட்டுமே கருத்தில் கொண்டது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரம்பை 100 கிலோவாட் மின்பளு அல்லது 120 கிலோ வோல்ட் ஆம்பியர் ஒப்பந்த மின்தேவை என்று குறைத்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அலுவலகக் கட்டடங்களையும் குடியிருப்புகளையும் விதித்தொகுப்பின் வரம்புக்குள் கொண்டு வந்ததுடன், அந்த மின்பளு வரம்பை மேலும் குறைத்துக் கொள்ளும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு வழங்கியது. இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் செய்தி அந்த ஓர் அதிகாரத்தைச் சார்ந்தது.

கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு முதன்முதலில் 2007 மே மாதம் வெளியிடப்பட்டது. 2017-இல் அது விரிவாகத் திருத்தப்பட்டது. சுவர், கூரை, சாளரக் கண்ணாடி ஆகியவற்றின் வழியே எவ்வளவு வெப்பம் உட்புகலாம், விளக்குகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் செலவிடலாம், குளிர்சாதனங்களின் குறைந்தபட்சத் திறன் என்ன என்பன போன்றவற்றை அது வரையறுக்கிறது. வழக்கமான கட்டடத்துடன் ஒப்பிட்டால் இவ்விதிகளைப் பின்பற்றும் கட்டடம் சுமார் 25 சதவீத எரிசக்தியை மிச்சப்படுத்தும். உயர்நிலைத் தரத்தை எட்டினால் சேமிப்பு 50 சதவீதம் வரை செல்லும் என்பது எதிர்பார்ப்பு. குடியிருப்புகளுக்காக 'இகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற தனித் தொகுப்பு 2018 டிசம்பர் 14-இல், தேசிய எரிசக்திச் சேமிப்பு நாளன்று வெளியிடப்பட்டது. தமிழகத்தில் இச்சட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு தலைமை மின் ஆய்வாளரின் கீழ் இயங்கும் மின் ஆய்வுத் துறையிடம் உள்ளது.

விதிகள் இவ்வளவு தெளிவாக இருந்தும் கும்மிடிப்பூண்டித் தொழிற்கூடத்தின் கூரை ஏன் மாறவில்லை? காரணம் எளியது. இவ்விதிகள் புதிதாகக் கட்டப்படும், மின்பளு மிகுந்த கட்டடங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கண்ணாடி முகப்பும் மையக் குளிர்சாதன அமைப்பும் கொண்ட சென்னை அலுவலக வளாகம் அதற்குள் அடங்கும். இருபது பேர் பணிபுரியும் சிறு தொழிற்கூடம் அடங்காது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் வாடகைக்குத் தங்கியிருக்கும் வரிசை வீடுகள் அடங்கா. மின்பளு என்று பெரிதாக எதுவும் இல்லாத, ஆனால் ஏக்கர் கணக்கில் தகரக் கூரை வேய்ந்த செங்குன்றம், பெரியபாளையம் சாலைக் கிடங்குகளில் பலவும் அடங்கா. குளிர்சாதனம் இல்லாத கட்டடத்தில் மின்பளு குறைவு; மின்பளு குறைவு என்பதால் அதன் கூரையைப் பற்றிக் கேட்பவர் இல்லை. வெப்பத்தை மிகுதியாகத் தாங்குபவர்களின் கட்டடங்களே சட்டத்தின் பார்வைக்கு வெளியே நிற்கின்றன.

அடுத்து நிதி. இத்துறையில் அரசு நிதி பல வாய்க்கால்களில் வருகிறது. அவற்றை ஒருசேரப் பார்ப்பது நல்லது. சட்டத்தின் 16-ஆவது பிரிவு ஒவ்வொரு மாநிலமும் எரிசக்திச் சேமிப்பு நிதியம் ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்கிறது. அதற்குத் துணையாக மாநிலம் ஒன்றுக்கு அதிகபட்சமாக ரூ.4 கோடியை, தலா ரூ.2 கோடியாக இரு தவணைகளில் வழங்கும் திட்டத்தை எரிசக்தித் திறன் பணியகம் வகுத்தது. மாநில அரசு தன் பங்கைச் செலுத்திய பிறகே இரண்டாம் தவணை கிடைக்கும். தமிழகத்தின் 38 மாவட்டங்களுக்கும் ரூ.4 கோடியைப் பகிர்ந்தால், மாவட்டத்துக்குக் கிடைப்பது சுமார் பத்தரை லட்சம் ரூபாய். ஒரு தொழிற்பேட்டையின் ஒரு தெருவுக்குக்கூட அது போதாது.

தமிழக அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை 'பீஸ்' என்ற சுருக்கப் பெயரில் ஒரு நல்ல திட்டத்தைச் செயல்படுத்தி வருகிறது. எரிசக்தித் தணிக்கை செய்து கொள்ளும் நிறுவனத்துக்குத் தணிக்கைச் செலவில் 75 சதவீதம், ரூ.1 லட்சம் வரை திருப்பித் தரப்படுகிறது. தணிக்கையின் பரிந்துரைப்படி இயந்திரங்களையோ உபகரணங்களையோ மாற்றினால் அச்செலவில் 50 சதவீதம், ரூ.10 லட்சம் வரை மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். சிறு நிறுவனங்களுக்கு இது குறிப்பிடத்தக்க தொகை.

மத்திய அரசு 2025 ஜூலையில் ஹரியாணா மாநிலம் பானிப்பட்டில் 'அதீதி' திட்டத்தைத் தொடங்கியது. ரூ.1,000 கோடி மதிப்பிலான இத்திட்டத்தின்கீழ், எரிசக்தியை மிச்சப்படுத்தும் தொழில்நுட்பங்களுக்காகப் பெறும் கடனுக்கு, குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதமும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் வட்டி மானியம் வழங்கப்படும். குறைந்தது 10 சதவீத எரிசக்திச் சேமிப்பைக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. தேர்ந்தெடுக்கப்பட்ட 14 தொழில் பிரிவுகளில் உருக்கு மறுஉருட்டு, வார்ப்படம், உணவுப் பதப்படுத்துதல், மருந்து, ரசாயனம் ஆகியவை இடம்பெற்றுள்ளன. கும்மிடிப்பூண்டியையும் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையையும் அறிந்தவர்களுக்கு இவை அந்நியமான பெயர்கள் அல்ல.

இவற்றுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மற்றொரு தொகை இருக்கிறது. ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகளை நிறுவும் பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்கு 2024-இல் மத்திய அரசு ஒதுக்க ஒப்புதல் அளித்த தொகை ரூ.75,021 கோடி. 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 மானியம் வழங்கப்படுகிறது. வரவேற்கத்தக்க திட்டம்தான். ஆயினும், மின்சாரத்தை உற்பத்தி செய்யும் கூரைக்கு இவ்வளவு ஊக்கமளிக்கும் அரசு, மின்சாரத் தேவையையே குறைக்கும் கூரைக்கு அதில் சிறு பங்கையேனும் அளிக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. சூரிய மின்தகடு பகலில் மட்டுமே உதவும். பகல் முழுவதும் வெயிலை உள்வாங்கிய கான்கிரீட் கூரை இரவு முழுவதும் அதை வீட்டுக்குள் உமிழ்கிறது. அந்நேரத்தில் ஓடும் மின்விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் வேண்டிய மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்தே வருகிறது.

நிதி இருந்தும் அது கூரை வரை செல்லாததற்கு வேறு தடைகளும் உள்ளன. முதலாவது, சொற்களின் தடை. மாநில அரசின் மானியம் இயந்திரம், உபகரணம், தொழில்நுட்பம் என்ற சொற்களில் எழுதப்பட்டுள்ளது. காற்றழுத்தி ஓர் இயந்திரம்; மோட்டார் ஓர் இயந்திரம். வெப்பத்தடுப்புப் பூச்சும், கூரைக்கு அடியில் பொருத்தும் தடுப்புப் படலமும், காற்றை வெளியேற்றும் முகட்டுத் திறப்பும் கட்டடத்தின் பகுதிகள். அவற்றுக்கு மானியம் கேட்டு விண்ணப்பிக்கத் தொழில்முனைவோருக்குத் துணிவு வராது. பரிந்துரைக்கத் தணிக்கையாளருக்கும் தயக்கம் இருக்கும்.

இரண்டாவது, வாடகையின் தடை. கட்டடத்தின் உரிமையாளர் ஒருவர். மின்கட்டணம் செலுத்துபவர் மற்றொருவர். கூரைக்குச் செலவிட வேண்டியவர் உரிமையாளர். அதனால் மிச்சமாகும் பணமோ வாடகைதாரருக்குச் சேரும். உரிமையாளருக்குச் செலவிட ஆர்வமில்லை. மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் வாடகைதாரருக்கோ அதற்கு மேல் நீடிப்போமா என்ற உறுதியில்லை. கிடங்குகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இந்த முட்டுக்கட்டை மிகத் தெளிவாகத் தெரிகிறது. சந்தை தானாக இதைத் தீர்க்காது. எனவேதான் அரசின் தலையீடு தேவைப்படுகிறது.

மூன்றாவது, வங்கியின் தடை. இயந்திரம் வாங்கினால் அதையே பிணையாக வைக்கலாம். மிச்சமாகப் போகும் மின்சாரத்தைப் பிணையாக வைக்க முடியாது. இக்குறையைப் போக்கவே, முதலீட்டைத் தானே செய்து, மிச்சமாகும் மின்கட்டணத்தில் ஒரு பங்கைப் பெற்றுக் கொள்ளும் எரிசக்திச் சேவை நிறுவனங்களும், அவற்றுக்குக் கடன் தரும் வங்கிகளின் இடர்ப்பாட்டில் ஒரு பகுதியை ஏற்கும் உத்தரவாத நிதியமும் உருவாக்கப்பட்டன. ஆனால், அந்த ஏற்பாடு பெரிய கட்டடங்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் பொருந்திய அளவுக்குச் சிறு தொழிற்கூடங்களுக்குப் பொருந்தவில்லை. ஒரு கூடத்தில் மிச்சமாகும் தொகை, ஒப்பந்தம் எழுதும் செலவுக்கே போதாமல் போய்விடுகிறது.

இத்தடைகளைக் கடக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உள்ளது. 2014-இல் எல்இடி பல்பு ஒன்றை அரசு சுமார் ரூ.310-க்குக் கொள்முதல் செய்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் கோடிக்கணக்கில் மொத்தமாகக் கொள்முதல் செய்யப்பட்டபோது, 2016-இல் அவ்விலை ரூ.38-ஆகக் குறைந்தது. இதுவரை 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் அத்திட்டத்தில் விநியோகிக்கப்பட்டுள்ளன. விலை குறைந்ததால், திட்டத்துக்கு வெளியே கடைகளில் வாங்கியவர்களும் பயனடைந்தார்கள். ஒருவர் தனியாக வாங்கும்போது எட்டாக்கனியாக இருப்பது, ஊரே சேர்ந்து வாங்கும்போது எளிதாகிவிடுகிறது.

அதே வழியில் மின்விசிறிகளையும் நோக்கலாம். பழைய மின்விசிறி 75 வாட் மின்சாரத்தை எடுத்துக் கொள்ளும். பிஎல்டிசி வகை மின்விசிறிக்கு 30 வாட் போதும். நூறு மின்விசிறிகள் உள்ள ஒரு தொழிலாளர் விடுதியில் அவை நாளொன்றுக்கு 12 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 300 நாள்கள் ஓடுவதாகக் கொள்வோம். மின்விசிறிகளை மாற்றினால் ஆண்டுக்கு 16,200 யூனிட் மிச்சமாகும். முன்னர் கூறிய கணக்கின்படி, அது சுமார் 11 டன் நிலக்கரிக்கும் ஏறத்தாழ 4 டன் சாம்பலுக்கும் ஈடு. ஒரே ஒரு விடுதியில், மின்விசிறியை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் பயன் இது.

கூரையோ இன்னும் எளிது. ஒரு தள கட்டடத்தில் வெயில் வெப்பம் மிகுதியாக நுழைவது கூரை வழியாகத்தான். நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். மொட்டை மாடியில் தட்டோடு பதிப்பதும், கோடைக்கு முன் சுண்ணாம்பு அடிப்பதும், தாழ்வாரமும் முற்றமும் வைத்துக் கட்டுவதும் அழகுக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. இன்று 'குளிர் கூரை' என்று அழைக்கப்படுவது அச்சுண்ணாம்புப் பூச்சின் மேம்பட்ட வடிவமே. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சு, கட்டடத்தின் தன்மையைப் பொறுத்து, உள்வெப்பத்தை இரண்டு முதல் ஐந்து டிகிரி செல்சியஸ் வரை குறைக்கக்கூடும். குளிர்சாதனத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் கூறுவதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்த்தால், இதன் மதிப்பு விளங்கும்.

தெலங்கானா மாநிலம் 2023 ஏப்ரலில் ஐந்தாண்டுகளுக்கான குளிர் கூரைக் கொள்கையை வெளியிட்டது. அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட வீடுகளுக்கும் குளிர் கூரையை அது கட்டாயமாக்கியது. மின்பளுவைக் கேட்காமல் கூரையைக் கேட்ட கொள்கை அது. அமெரிக்காவில் 1976-இல் தொடங்கப்பட்ட ஒரு திட்டம், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் வீடுகளுக்கு வெப்பத்தடுப்புப் பணிகளை அரசுச் செலவில் செய்து தருகிறது. மின்கட்டணத்துக்கு ஆண்டுதோறும் உதவுவதைவிட, கட்டணம் உயரக் காரணமான வீட்டையே சீரமைப்பது சிக்கனம் என்பது அதன் அடிப்படை. அது குளிர் தேசத்தின் அனுபவம். வெப்ப தேசத்துக்கும் பொருந்தும்.

தொழிற்கூடங்களைப் பொருத்தவரை இது புதிய கோரிக்கையும் அல்ல. பணியிடத்தின் வெப்பம் மிகாத வகையில் சுவர்களும் கூரையும் அமைக்கப்பட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆவது பிரிவு கூறியது. கூரைக்கு வெள்ளையடித்தல், வெப்பத்தடுப்பு இடுதல், கூரையை உயர்த்துதல் ஆகியவற்றை அச்சட்டத்தின் தொடக்க கால வாசகம் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. இன்று அதன் இடத்தில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் குறித்த 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. அதிலும் காற்றோட்டமும் வெப்பநிலையும் இடம்பெற்றுள்ளன. தொழிலாளர் நலன் என்று ஒரு துறையும், மின்சேமிப்பு என்று மற்றொரு துறையும், கட்டட அனுமதி என்று மூன்றாவது துறையும் தனித்தனியே பார்ப்பது ஒரே கூரையைத்தான்.

இது வெறும் மின்கட்டணப் பிரச்னையாக இருந்த காலமும் கடந்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணி, கோடைதோறும் மாநிலத்தில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் இடம்பெறுவது வழக்கம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் வழங்க அதன் வழியே வகை செய்யப்பட்டது. இறந்த பின் வழங்கும் நிவாரணத்துக்கு விதி இருக்கிறது. இறப்பைத் தடுக்கும் கூரைக்கு நிதி வேண்டும்.

அரசே கட்டும் வீடுகளில் இதைத் தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்குடன், கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு ரூ.3.5 லட்சம் வழங்கப்படுகிறது. கும்மிடிப்பூண்டியில் உள்ள முகாம் உள்பட, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரும் திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. 360 சதுர அடி வீட்டின் கூரைக்கு வெண்பூச்சு பூசுவதற்கோ தட்டோடு பதிப்பதற்கோ ஆகும் செலவு, வீட்டின் மொத்தச் செலவில் சிறு பங்கே. மதிப்பீட்டில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அந்த வரி இல்லாமல் கட்டப்படும் ஒவ்வொரு வீடும், அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு ஓர் ஏழைக் குடும்பத்தின் மீது வெப்பத்தையும் மின்கட்டணத்தையும் சுமத்துகிறது.

மின்கட்டண உயர்வாலும் மூலப்பொருள் விலையேற்றத்தாலும் தவிக்கும் சிறு தொழில்முனைவோர் மீது மேலும் ஒரு விதியைச் சுமத்தலாமா என்ற மறுப்பு எழலாம். நியாயமான கேள்வி. தணிக்கையாளர் என்றாலே மற்றோர் ஆய்வாளர், மற்றொரு செலவு என்று அஞ்சும் நிலை இருப்பதை மறுக்க இயலாது. உலை இயக்கும் ஆலைகளில் கட்டடத்தின் பங்கு மொத்த மின்செலவில் சிறிது என்பதும் உண்மை. ஆகவே, பழைய கட்டடங்கள் மீது விதியைத் திணிக்காமல் அவற்றுக்கு மானியத்தையும், புதிய கட்டடங்களுக்கு மட்டும் எளிய விதியையும் வகுப்பதே முறையாகும். கட்டும்போதே கூரையைச் சரியாக அமைக்க ஆகும் கூடுதல் செலவு குறைவு. கட்டி முடித்த பின் மாற்றுவதற்கு ஆகும் செலவே மிகுதி. சென்னைப் பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்திலும் புதிய கட்டடங்கள் பெருகவிருக்கும் தருணம் இது.

இதற்கு அரசு செய்ய வேண்டியவை சில. முதலாவதாக, 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கிய அதிகாரத்தைப் பயன்படுத்தி, புதிய தொழிற்கூடங்களுக்கும் கிடங்குகளுக்கும் மின்பளு வரம்பைக் குறைக்க வேண்டும். முழு விதித்தொகுப்பையும் அவற்றின் மீது சுமத்த வேண்டியதில்லை. கூரையின் வெப்பத்தடுப்பு, இயற்கை ஒளி, காற்றோட்டம் ஆகிய மூன்றை மட்டும் கேட்டால் போதும். சிப்காட் நிறுவனம் மனைகளை நீண்டகாலக் குத்தகைக்கு அளிப்பதால், ஒதுக்கீட்டு ஆணையிலேயே இந்நிபந்தனைகளைச் சேர்த்துவிட இயலும்.

இரண்டாவதாக, மாநில அரசின் மானியத்துக்குத் தகுதியானவற்றின் பட்டியலில் கூரை வெப்பத்தடுப்பையும் காற்றோட்ட அமைப்பையும் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். கட்டட உரிமையாளரும் வாடகைதாரரும் இணைந்து விண்ணப்பிக்க வழி செய்தால் வாடகையின் தடையும் தளரும். மூன்றாவதாக, ஒவ்வொரு கூடத்துக்கும் தனித்தனித் தணிக்கை என்பதை விடுத்து, ஒரே வகையான இருபது, முப்பது கூடங்களை ஒரு தொகுப்பாகத் தணிக்கை செய்து, வேண்டிய பொருள்களை உஜாலா முறையில் மொத்தமாகக் கொள்முதல் செய்ய மாவட்டத் தொழில் மையமும் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கங்களும் கைகோக்க வேண்டும்.

நான்காவதாக, மாநில எரிசக்திச் சேமிப்பு நிதியத்துக்கு நிலையான வருவாய் வேண்டும். மின்நுகர்வின் மீது மாநில அரசு விதிக்கும் மின்வரியில் ஒரு சிறு பங்கை அந்நிதியத்துக்கு ஒதுக்குவது பொருத்தமாக இருக்கும். நுகர்வின் மீது பெறும் வரி, நுகர்வைக் குறைக்கவே செலவாகும். ஐந்தாவதாக, செலவிட்ட பணம் பயன் தந்ததா என்பதை அறிய, மானியம் பெற்ற கட்டடங்களின் முந்தைய ஓராண்டு மின்பட்டியலையும் பிந்தைய ஓராண்டு மின்பட்டியலையும் ஒப்பிட்டு, பெயர்களைத் தவிர்த்து, மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். மின்பகிர்மானக் கழகத்திடம் இருக்கும் கணக்கே இதற்குப் போதும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 14-இல் எரிசக்திச் சேமிப்பு நாள் கொண்டாடப்படுகிறது. மாணவர்களுக்கு ஓவியப் போட்டி நடக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு விருதுகள் வழங்கப்படுகின்றன. அவை தொடரட்டும். அத்துடன், அந்நாளில் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் தலா ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, அடுத்த சித்திரைக்குள் அதன் கூரைகள் அனைத்தையும் சீரமைக்கும் பணியைத் தொடங்கலாம். அதற்கு வேண்டிய சட்டம் இருக்கிறது, திட்டங்கள் இருக்கின்றன, குறைவாயினும் நிதியும் இருக்கிறது. வெயில் காலத்தில் அக்கூடங்களில் வேலை செய்பவர்களும், அத்திப்பட்டில் ஆற்றங்கரையில் வலை வீசுபவர்களும் அதன் பயனை ஒருசேரப் பெறுவார்கள். அரசு இதற்கு முன்வர வேண்டும்.